வழிப்பொழுது யாருடையது? தாமிரபரணிக் கரையில் பயண நேரம் பற்றிய ஓர் ஆய்வு

1. கணக்கில் ஏறும் நேரம்

ஒரு சாலையை அகலப்படுத்தலாமா, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டலாமா என்று அரசு ஆராயும்போது, திட்டத்தின் நன்மைப் பட்டியலில் தவறாமல் இடம்பெறுவது ‘மிச்சமாகும் பயண நேரம்’. மிச்சமாகும் ஒவ்வொரு மணிக்கும் ரூபாயில் ஒரு விலை உண்டு. அந்த விலைக்கு அடிப்படையான பொருளியல் 1965-இல் உருப்பெற்றது. கேரி பெக்கர் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, மனிதர் பணத்தைப் பங்கிடுவதுபோலவே நேரத்தையும் பங்கிடுகிறார்கள் என்றும், வேலை செய்யாத ஒரு மணி நேரத்தின் விலையை இழந்த கூலியைக் கொண்டு அளக்கலாம் என்றும் வாதிட்டது. அதே ஆண்டில் எம். இ. பீஸ்லி, லண்டனில் வேலைக்குச் செல்வோர் மலிவான மெதுவான வழிக்கும் செலவு கூடிய விரைவான வழிக்கும் இடையே எதைத் தேர்கிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து அவர்கள் தம் நேரத்துக்கு வைக்கும் விலையைக் கணிக்க முயன்றார். இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 30 என்னும் மதிப்பீட்டுக் கையேடு இதே மரபில் வந்தது. அதில் பயணியின் நேரத்துக்கு வாகன வகைக்கேற்ப மதிப்பு வேறுபடும். காரில் செல்பவருடைய ஒரு மணியும் பேருந்தில் செல்பவருடைய ஒரு மணியும் ஒரே விலை பெறுவதில்லை. வருமானத்தை அளவுகோலாகக் கொண்டால் வேறு முடிவு வர வழியும் இல்லை. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும்: பேருந்துப் பயணிகளின் காத்திருப்பைக் குறைக்கும் திட்டத்தைவிடக் கார்கள் விரையும் சாலை காகிதத்தில் எளிதாக லாபம் காட்டிவிடும்.

இந்தப் பார்வையை மறுத்தவர்கள் உண்டு. க்ளென் லயன்ஸும் ஜான் அர்ரியும் 2005-இல் எழுதிய கட்டுரை, பயண நேரம் வீணாகும் நேரம் என்ற முற்கோளையே கேள்விக்கு உட்படுத்தியது. ரயிலில் செல்பவர் படிக்கிறார், எழுதுகிறார், உறங்குகிறார், வெறுமனே சன்னல் வழியே பார்க்கிறார். இவற்றுக்கெல்லாம் மதிப்பு இல்லையா என்பது அவர்கள் கேள்வி. வேறொரு திசையிலிருந்து செசாரே மார்க்கெட்டி, ஜஹாவியின் ஆய்வுகளை அடியொற்றி, மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்றும், வண்டி வேகமானால் நேரத்தை மிச்சம் பிடிக்காமல் மேலும் தொலைவு போகிறார்கள் என்றும் 1994-இல் எழுதினார். அது சரியென்றால் ‘மிச்சமாகும் நேரம்’ என்பதே பெரும்பாலும் கானல்நீர்.

இரு தரப்பாரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். நேரம் எவ்வளவு என்று ஒரு தரப்பும், நேரத்தில் என்ன செய்தார்கள் என்று மறு தரப்பும் கேட்கின்றன. அந்த நேரம் பயணியின் கைவசம் இருந்ததா என்று கேட்பவர் குறைவு. எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது என்பதைப் பயணி தீர்மானிக்க முடிந்ததா? வழியில் அவருடைய கையும் கண்ணும் மனமும் அவருக்கே மிஞ்சினவா? பயண நேரம் சுமையாவதும் ஆறுதலாவதும் இவற்றைப் பொறுத்தே அமைகிறது, வேகம் இவற்றுக்கு அடுத்தபடிதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கத் திருநெல்வேலிச் சீமையின் தாமிரபரணிக் கரை, குறிப்பாக முக்கூடலும் அதன் சுற்றுவட்டாரமும், எடுத்துக்கொள்ளப்படுகின்றன. (பள்ளு இலக்கியத்தால் பெயர்பெற்ற முக்கூடல் கீழே சீவலப்பேரிப் பக்கம் உள்ளது. இங்கே பேசப்படுவது சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட வடகரையில், பீடித் தொழிலுக்குப் பேர்போன பேரூர்.) ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ரயில் ஓடும் பள்ளத்தாக்கில், ரயில் நிலையம் இல்லாத ஊர் இது என்பதே இதைத் தேர்ந்ததற்கு முதற்காரணம்.

2. சுமைதாங்கியும் சிந்தும்

ரயிலுக்கு முற்பட்ட பயணத்தைப் பற்றி எழுதும்போது இரண்டு பிழைகள் எளிதில் நேர்கின்றன. ஒன்று, அதை வெறும் துன்பமாகக் காண்பது. மற்றது, அதைக் கவலையற்ற உலாவாகக் கற்பனை செய்வது. வழியோரம் எஞ்சியிருக்கும் கல்சான்றுகள் இரண்டுக்கும் இடங்கொடுப்பதில்லை. தென்மாவட்டப் பழஞ்சாலைகளில் இன்றும் காணக்கிடைக்கும் சுமைதாங்கியை எடுத்துக்கொள்வோம். நட்ட இரு கற்களின் மேல் கிடையாக ஒரு பலகைக்கல்; தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், பிறர் கைத்தாங்கல் இல்லாமல் சுமையை இறக்கிவைத்து, மறுபடி தாமே ஏற்றிக்கொள்ளும் உயரம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. நம் கேள்விக்கு வேண்டியது அந்தக் கல்லின் பயன். தனியாக நடக்கும் கூலிக்காரர் சுமையை இறக்கினால் மீண்டும் ஏற்றிவிட ஆள் வேண்டும். ஆள் வரும்வரை அவருடைய நேரம் அவரிடம் இல்லை. ஆகவே இறக்காமலேயே நடப்பார். எங்கே நிற்பது என்ற முடிவை அந்தக் கல் அவரிடமே திருப்பிக் கொடுத்தது. ஆற்றங்கரைக் கல்மண்டபங்களும் படித்துறைகளும் கோடைத் தண்ணீர்ப் பந்தல்களும் இதே வகை. நடையின் வேகத்தை இவை கூட்டவில்லை. நடப்பவர் நிற்பதற்கு வழிசெய்தன.

வழியில் மனம் என்ன செய்தது என்பதற்கு இலக்கியச் சான்று உண்டு. வழிநெடுக வரும் ஊர்களையும் காட்சிகளையும் சொல்லிக்கொண்டே போகும் வழிநடைச் சிந்து என்ற வகை, நடைக்கு ஏற்ற தாளத்தில் அமைந்தது. காவடிச் சிந்தின் பிறப்பே ஒரு பயணத்தோடு சேர்ந்தது. ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையில் பாடுவதற்கென்று சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இயற்றியவை அப்பாடல்கள் என்பது இலக்கிய வரலாறு. வழியைக் கடக்க வேண்டிய இடைவெளியாக அல்லாமல் நிகழ்ச்சியாகவே நடத்திய மரபு இது. எனினும் இதைக் கொண்டு அக்காலப் பயணிகள் எல்லாரும் பாடிக்கொண்டே நடந்தார்கள் என்று முடிவுகட்டுவது வரலாறாகாது. காவடி ஜமீனுடையது, உடன் சென்றோரின் பொழுதும் அவருடைய ஏற்பாட்டில்தான் ஓடியது. சத்திரங்கள் பலவற்றில் சோறும் திண்ணையும் சாதி பார்த்தே கிடைத்தன. கோயில் தெருக்களிலும் அக்கிரகாரத்திலும் நடக்கவே உரிமையில்லாதவர்களுக்கு வழியின் நீளத்தோடு சுற்றுவழியும் சேர்ந்தது. ஒரே சாலையில் ஒரே தொலைவு சென்ற இருவருக்கு ஒரே நேரம் கழியவில்லை என்ற உண்மை, பொருளியல் கையேடு வருவதற்கு முன்பே இருந்தது.

3. ரயில் கொண்டுவந்த காத்திருப்பு

திருநெல்வேலிக்கு ரயில் 1876-இல் வந்துவிட்டது. ஆற்றை ஒட்டி மேற்கே செல்லும் பாதை கல்லிடைக்குறிச்சி வரை 1902-இலும், செங்கோட்டை வரை 1903-இலும் திறக்கப்பட்டது. 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. தென்கரையிலுள்ள வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நிலையங்கள் கிடைத்தன. எதிர்க்கரை முக்கூடலுக்குக் கிடைக்கவில்லை.

ஐரோப்பிய ரயில் பயணத்தின் வரலாற்றை எழுதிய வுல்ஃப்காங் ஷிவெல்புஷ் (1977), ரயில் இடைவெளியையும் காலத்தையும் சுருக்கிவிட்டதாக அக்காலத்தவர் உணர்ந்ததை விரிவாகக் காட்டுகிறார். அவருடைய இன்னொரு கவனிப்பு நமக்கு அதிகம் உதவும். உயர்வகுப்பு அறைகளில் முகத்துக்கு முகம் அடைபட்ட பயணிகள் பேச்சை நிறுத்திப் புத்தகத்துக்குள் புகுந்தார்கள். கீழ்வகுப்புத் திறந்த பெட்டிகளில் அரட்டை ஓயவில்லை. ரயில் நிலையப் புத்தகக் கடைகள் பிறந்தது முதல் வகையாரின் தேவையால். தென்னிந்திய நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடைகள் இருந்ததை அறிந்தவர்களுக்கு, அந்தக் கடையின் முன் நின்றவர்கள் எந்த வகுப்புப் பயணிகள் என்று ஊகிப்பது கடினமல்ல. மூன்றாம் வகுப்பின் நிலை என்ன என்பதைக் காந்தி 1917-இல் எழுதினார்: நெரிசல், அழுக்கு, பயணிகளை மனிதராக மதியாத நிர்வாகம். அரட்டையும் நெரிசலும் ஒரே பெட்டியில்தான் இருந்தன. ஷிவெல்புஷின் சித்திரத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சாதி. தென்னிந்திய ரயில்வேயின் நிலைய உணவகங்களில் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் என்ற ஏற்பாடு நெடுங்காலம் நீடித்து, பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்த பிறகு 1941-இல்தான் நீங்கியது. வண்டி எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுத்தாலும், நிற்கும் பத்து நிமிடத்தை எல்லாரும் ஒரே இடத்தில் கழிக்கவில்லை.

ரயிலால் வந்த பெரிய மாற்றமாக வழக்கமாகச் சொல்லப்படுவது வேகம். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு நிகரான மாற்றம் காத்திருப்பு என்று தோன்றுகிறது. நடப்பவரும் மாட்டுவண்டியில் போகிறவரும் புறப்படும் பொழுதைத் தாமே வைத்துக்கொண்டார்கள். விடியலுக்கு முன் வெயிலுக்குத் தப்பிக் கிளம்புவது அவர்கள் முடிவு. ரயிலின் பொழுது வேறெங்கோ குறிக்கப்பட்டது. இந்தப் பாதை திறந்தபோது ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. 1906-இல்தான் இந்தியத் தரநேரம் வந்தது. திருநெல்வேலியின் சூரியனுக்கும் சென்னைக் கடிகாரத்துக்கும் இடையே பத்து நிமிட வேறுபாடே. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியைத் தவறவிட்டவருக்கு அடுத்த வண்டிவரை உள்ள நேரம் முழுவதும் கையைவிட்டுப் போனது. வடகரைக்காரருக்கோ ஆற்றைத் தாண்டி நிலையத்துக்குப் போகும் நேரமும், முன்கூட்டியே போய் அமர்ந்திருக்கும் நேரமும் சேர்ந்தன. கால அட்டவணையில் அச்சாவது வண்டி நகரும் நேரம் மட்டும்; பயணி செலவிடுவது அதைவிடப் பெரியது. பின்னாளைய போக்குவரத்துப் பொருளியல் இதை ஒருவாறு ஒப்புக்கொண்டது. காத்திருக்கும் ஒரு நிமிடம் வண்டிக்குள் கழியும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாக உறைக்கிறது என்று கணக்கிடுவது வழக்கமாயிற்று. ஏன் உறைக்கிறது என்பதற்கு அந்தக் கணக்கில் விடையில்லை. காத்திருப்பவருக்கு எப்போது முடியும் என்று தெரியாது. ஆகவே எதையும் தொடங்க முடியாது என்பதே விடையாக இருக்கக்கூடும்.

4. எண்ணிக்கையில் வராத பயணிகள்

இன்றைய நிலையை அளக்க நம்மிடம் இரண்டு அரசுச் சான்றுகள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்குச் செல்லும் தொலைவையும் வாகனத்தையும் கேட்டது. ஆனால் நேரத்தைக் கேட்கவில்லை. அதுவும் ‘பிற தொழிலாளர்’ என்ற வகையினரிடம் மட்டும். பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் ஆகிய மூன்று வகையினரும் அந்த அட்டவணைக்கு வெளியே. தாமிரபரணிக் கரையின் நடவுக் கூலியும் பீடி சுற்றும் பெண்ணும் பயணிகளாகப் பதிவாக வழியே இல்லை என்பது இதன் பொருள்.

முக்கூடல் வட்டாரத்தில் இது சிறு விடுபாடு அன்று. சொக்கலால் ராம்சேட் பீடியின் ஊர் என்றே வெளியூரார் முக்கூடலை அறிவர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீட்டுத் திண்ணைதான் பட்டறை. பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, வீட்டில் சுற்றிக் கட்டாக்கி, கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, எண்ணிச் சரிபார்த்துக் கழித்ததுபோக மிஞ்சியதைக் கணக்கில் ஏற்றி, மறுபடி இலை வாங்கித் திரும்புவது இத்தொழிலின் சுழற்சி. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது. கடைக்குப் போகும் நேரத்துக்கும் வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. வீட்டில் வேலை செய்பவருக்குப் பயணமே கிடையாது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இதுவே போதும். ஆலைத் தொழிலாளி பயணத்துக்குப் பின் வேலை தொடங்குகிறார்; இங்கே பயணமே வேலையின் பாதி. போக்குக்கு ஒரு நோக்கம், வரவுக்கு ஒரு நோக்கம், இரண்டுக்கும் நடுவில் கழிவு எவ்வளவு போகுமோ என்ற கவலை.

பெக்கரின் கணக்கு வேறெங்கையும்விட இங்கே கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். துண்டுக்கூலி என்பதால் வழியில் போகும் ஒவ்வொரு நிமிடமும் சுற்றப்படாத பீடிகளாக உடனே எண்ணத்தக்கது. ஆனால் இரண்டாவது சான்றான தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பக்கத்தில் வைத்தால் கணக்கு குழம்புகிறது. 2019-இல் நடந்த ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு அதற்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024-இல் அவை 289, 88. ஐந்து மணிநேர அடுப்பங்கரைக்கும் அதற்குமேல் பீடித்தட்டுக்கும் இடையே வாழும் ஒருத்திக்கு, பேருந்து இருக்கையில் அமர்ந்திருக்கும் அரைமணியை ‘இழந்த கூலி’ என்று மட்டும் குறிப்பது அரைகுறை. இலையும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் கை ஓய்ந்திருப்பதற்கு அந்த நாளில் அவளுக்குக் கிடைக்கும் இடம் அது ஒன்றாகவே இருக்கலாம். பயண நேரத்தின் மதிப்பு பயணத்துக்குள் இல்லை. அந்த நாளின் மற்ற மணிகள் யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது.

இது ஊகம்தானே, சான்று எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சான்று கிடைக்காதபடி அளவுகோலே அமைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரப் பயன்பாட்டு ஆய்வு, முந்திய நாள் காலை 4 மணிமுதல் மறுநாள் காலை 4 மணிவரை உள்ள பொழுதை அரைமணித் துண்டுகளாக்கிக் கேட்கிறது. ஒரு துண்டுக்குள் பல செயல்கள் இருந்தால் மூன்று வரை குறிக்கலாம். பயணம் தனி வகையாக நிற்பதில்லை. வேலைக்கான பயணம் வேலைப் பிரிவிலும், கடைக்குச் செல்வது வீட்டுவேலைப் பிரிவிலும் போய்ச் சேர்ந்துவிடும். பயணத்தை அதன் நோக்கத்தோடு கட்டிவிடுவது சர்வதேச வகைப்பாட்டுக்கு வசதியானது. ஆனால் பீடிக்கடைக்குப் போய், வழியில் காய் வாங்கி, சுகாதார நிலையத்தில் மாத்திரை பெற்று, பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பும் ஒரே நடையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? ஆண்களின் பயணம் ஒரு நோக்கத்தோடு போய்த் திரும்பும் வாய்ப்பு அதிகம். பெண்களின் பயணம் பல நோக்கங்களைத் தொடுத்துக்கொண்டு போகிறது என்பது உலகெங்கும் போக்குவரத்து ஆய்வாளர் ஒப்புக்கொண்ட முடிபு. நிற்கும் நேரம், உட்கார்ந்திருக்கும் நேரம், பேசிக்கொண்டு நடக்கும் நேரம் எல்லாம் அரைமணிச் சல்லடையில் நழுவிவிடுகின்றன.

5. கட்டணம் போனது, காத்திருப்பு நின்றது

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் இது விடியல் பயணம் என்று பெயர்பெற்றது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வை ஒட்டி, ஒரு பெண் மாதம் 888 ரூபாய் வரை சேமிக்கிறார் என்ற எண் மேடைகளில் பெரிதும் சொல்லப்பட்டது. பொதுவிவாதம் முழுவதும் ரூபாயிலேயே நடந்தது. நிமிடங்களைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

நிமிடக் கணக்கில் பார்த்தால் திட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. கட்டணமில்லாத வண்டி எல்லா நிறுத்தத்திலும் நிற்பது; பாயிண்ட் டு பாயிண்ட் வண்டியும் புறநகர் வண்டியும் தனியார் வண்டியும் அதைத் தாண்டிப் போகும். கையில் காசிருக்கும் பெண் முதலில் வரும் வண்டியில் ஏறுகிறார். இல்லாதவர் இளஞ்சிவப்பு முகப்புள்ள கட்டணமில்லா வண்டிக்காக நிற்கிறார். பீஸ்லியின் முறையைப் பின்பற்றும் ஆய்வாளர் இதைப் பார்த்தால், இந்தப் பெண் தன் முக்கால்மணி நேரத்தைப் பதினைந்து இருபது ரூபாய்க்கும் குறைவாக மதிக்கிறாள் என்று எழுதிவிடுவார். அந்த முறை தேர்வைக் காண்கிறது, நெருக்கடியைக் காணவில்லை. பணப்பை காலியாக இருப்பதைக் கொண்டு நேரத்தின் மதிப்பைக் கணிப்பது, வறியவரின் நேரம் மலிவு என்ற முடிவை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் சான்று தேடுவதாகும்.

ஆயினும் திட்டத்தை இந்த ஒரு முகத்தோடு நிறுத்துவது தவறு. கட்டணம் இல்லையென்றால் வழியில் இறங்கி மறுபடி ஏறுவதற்கும் செலவில்லை. முன்பு முக்கூடலிலிருந்து திருநெல்வேலிக்குச் சீட்டு எடுத்தவர் நடுவில் இறங்கினால் இன்னொரு சீட்டு எடுக்க வேண்டும். இன்று சந்தைக்கு இறங்கலாம், அம்மா வீட்டை எட்டிப்பார்க்கலாம், அடுத்த வண்டியில் தொடரலாம். வழியைத் துண்டுபோடும் உரிமை பேருந்துப் பயணிக்குக் கிடைத்திருக்கிறது. பேருந்துக் காசுக்காகக் கணவரிடமோ மகனிடமோ காரணம் சொல்ல வேண்டியதும் குறைந்தது. கிளம்புவதற்கான முடிவு அந்த அளவுக்கு அவர் பக்கம் நகர்ந்திருக்கிறது. சுமைதாங்கி செய்ததை வேறொரு வகையில் இந்தத் திட்டம் செய்கிறது என்பது மிகையாகாது. ஆனால் ஒரு கையால் கொடுத்த அந்த உரிமையை வண்டிகளின் இடைவெளி மறு கையால் பறிக்கிறது. ஆகவே திட்டத்தின் குறையைக் கட்டணச் சலுகையில் தேடாமல், அடுத்த வண்டி எப்போது என்று நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரிகிறதா என்பதில் தேட வேண்டும்.

6. பகல் வண்டியும் இரவு வண்டியும்

2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. சுமார் 650 கிலோமீட்டரை ஏழு மணி ஐம்பது நிமிடத்தில் கடக்கும் வண்டி என்று அறிவிக்கப்பட்டது. அதே ஊர்களுக்கிடையே ஓடும் நெல்லை எக்ஸ்பிரசுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். கையேட்டின் கணக்கில் இரண்டு மணிக்குமேல் மிச்சம். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. படுக்கையில் ஏறியவர் உறங்குகிறார். விழித்திருக்கும் நாளில் அந்தப் பயணம் பெரிதாக எதையும் எடுத்துக்கொள்வதில்லை. வேகவண்டியோ பகலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. எது நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்பது பயணி அந்தப் பகலை வைத்து என்ன செய்ய இருந்தார் என்பதைப் பொறுத்தது. மடிக்கணினியில் வேலை செய்யக்கூடியவருக்குக் குளிர்சாதன இருக்கை அலுவலகத்தின் நீட்சியாகலாம். சென்னையில் ஒரு நாள் அலுவலை முடித்துத் திரும்ப வேண்டிய வியாபாரிக்கு மெதுவான இரவு வண்டியே விரைவானது. படுக்கை கிடைக்காமல் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை ஓரம் உட்கார்ந்து வருபவருக்கு அதே இரவு வண்டி பத்து மணி நேரத் தண்டனை. ஒரே ரயில், ஒரே தண்டவாளம், ஒரே நேரம்.

7. மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் மூன்று முக்கியமானவை. முதலாவது: பயணத்தைத் தன் கைவசம் வைத்திருப்பதே முக்கியமென்றால் இருசக்கர வாகனம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுமே? நினைத்தபோது கிளம்பலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பணிக்குச் செல்லும் பெண்களுக்கு 25,000 ரூபாய் வரை மானியத்தோடு ஸ்கூட்டர் தரும் திட்டம் 2018-இல் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். ஆனால் கைவசம் என்பதில் இரண்டு உறுப்புகள் இருப்பதை இந்த மறுப்பு தெளிவாக்குகிறது. பொழுதின் இரு முனைகளையும் வண்டியோட்டி ஆள்கிறார், நடுவிலுள்ளதை இழக்கிறார். கண் சாலையில், கை பிடியில். பேருந்து இதற்கு நேர்மாறு: முனைகள் நடத்துநரிடம், நடு பயணியிடம். உட்கார இடம் கிடைத்தால்தான் அதுவும். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாகக் கருதும் கொள்கை, எதை வாங்க எதை விற்கிறோம் என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு கைப்பேசி. இன்று காத்திருப்பும் காத்திருப்பாக இல்லை. நிறுத்தத்திலும் இருக்கையிலும் திரை இருக்கிறது, நேரம் நிரம்பிவிடுகிறது என்பார்கள். லயன்ஸும் அர்ரியும் எதிர்நோக்கிய தகவல் யுகப் பயணி இவர்தான். அவர்கள் மனத்தில் இருந்தது இருக்கை உறுதியான ரயில். கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையில் பையோடு நெரிசலில் நிற்பவருக்குத் திரை எட்டாத பொருள். அதைவிட முக்கியமானது, நிரம்பிய நேரம் எல்லாம் சொந்த நேரம் ஆகிவிடாது. வீட்டையும் கடையையும் வேலைக்காரரையும் முதலாளியையும் கைப்பேசி வண்டிக்குள் கொண்டுவந்துவிடுகிறது. எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று வழியெல்லாம் கணக்குக் கேட்கப்படும் மகளுக்கு, முன்பிருந்த அரைமணி விடுதலை சுருங்கித்தான் போயிருக்கிறது.

மூன்றாவது மறுப்பே கடுமையானது. பேருந்து இருக்கையை ஓய்விடமாகப் பேசுவது, அங்கே நடப்பதை மறைக்கவில்லையா? பெண்களுக்குச் சீண்டல், மாணவர்களுக்குச் சாதி. தென்மாவட்டங்களில் பேருந்து ஒருபோதும் சாதிக்கு வெளியே ஓடியதில்லை. 1997-இல் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை எதிர்த்துக் கலவரம் மூண்டு, முடிவில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அரசு நீக்கியது. வண்டியின் நெற்றியில் எழுதிய பெயரைப் பொறுக்காத ஊர்களில், வண்டிக்குள் யார் எங்கே உட்காருகிறார் என்பது சாதாரணக் காரியம் அல்ல. 2025 மார்ச்சில், இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த பட்டியல் சாதி மாணவன் ஒருவன் வண்டியிலிருந்து இழுத்து வெட்டப்பட்டான். அந்த வழித்தடத்தில் செல்லும் பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து பயண நேரம் எத்தனை நிமிடம் என்ற கேள்வி பொருளற்றது. இந்த மறுப்பை முழுமையாக ஏற்க வேண்டும். ஏற்றுக்கொள்வதால் வாதம் தளர்வதில்லை. கைவசம் என்பதற்கு அச்சமின்மை முதல் நிபந்தனை என்று வாதம் திருத்தம் பெறுகிறது. அச்சத்தோடு அமர்ந்திருப்பவரின் கையும் கண்ணும் ஓய்ந்திருந்தாலும் பொழுது அவருடையது அல்ல.

அப்படியானால் அளக்க வேண்டியவை வேறு. எவ்வளவு நேரம் நின்றார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், அடுத்த வண்டி எப்போதென்று தெரிந்திருந்ததா, வழியில் இறங்க முடிந்ததா, யாரைக் கண்டு ஒதுங்க வேண்டியிருந்தது என்ற கேள்விகள் எந்தப் படிவத்திலும் இல்லை. நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011-இல் கேட்டதுபோலவே தொலைவும் வாகனமும் மட்டும், அதுவும் ‘பிற தொழிலாளரிடம்’ மட்டும் கேட்கப்பட்டால், பீடிக்கட்டைச் சுமந்து கடைக்குப் போய், நின்று, எண்ணிக் கொடுத்து, இலையோடு வண்டிக்குக் காத்திருந்து திரும்பும் முக்கூடல் பெண், பயணமே செய்யாதவராக இன்னொரு பத்தாண்டுக்கு ஏட்டில் இருப்பார்.